மிதந்த யானை

தலையணை உறைக்குள் யானையைப் போட்டுச் சுருட்டிக்கொண்டு இரஞ்சிதம் சிட்னியின் ஹரிஸ் பார்க் ரயில் நிலையத்தில் இறங்கியபோது காலை ஒன்பது மணி. 1976ஆம் ஆண்டு டிசம்பரின் முதல் சனிக்கிழமை. தார்ச் சாலையில் அப்போதே வெயில் ஏறியிருந்தது. அது சுடுவதாக அவளுக்குத் தெரியவில்லை. மூன்று மாதங்களாக எதுவும் சுடவில்லை, எதுவும் உறைக்கவில்லை. செவன் ஹில்ஸ் தொழிற்சாலையில் மாத்திரைப் பெட்டிகளை அடுக்கும் வேலைக்குப் போனாள், வந்தாள், சமைத்ததைச் சாப்பிட்டாள். யாராவது பேசினால் பதில் சொன்னாள்.

சடகோபன் வீட்டை விசாரித்துத்தான் வந்திருந்தாள். கும்பகோணத்துக்காரர். மர ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் வேலை. போன வருடம் ஒரு நவராத்திரி வீட்டில் காணாமல் போன வெண்கல விளக்கை, அந்த வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்தபடியே கண்டுபிடித்துக் கொடுத்தவர் என்று சிட்னித் தமிழர்கள் சொல்லிக்கொள்வார்கள். அந்தக் கதையைப் பரப்பியது பெரும்பாலும் அவர் மனைவி கல்யாணிதான்.

கதவைத் திறந்ததும் கல்யாணிதான். "வாங்கோ, வாங்கோ. வெஸ்ட்மீட்லேர்ந்து வர்றவாதானே? உங்காத்துக்காரர் அன்னிக்கு மலைப் பாதையில..." என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு அவளை உள்ளே அழைத்துப் போனாள்.

சடகோபன் நாற்காலியைக் காட்டினார். ஐம்பது வயது, ஒல்லியான உடம்பு, அவசரமில்லாத கண்கள். "என்ன தொலைஞ்சது?" என்றார்.

"ஒண்டும் துலையேல்லை. அதுதான் பிரச்சினை." இரஞ்சிதம் உறையை உருவி, இரண்டு சாண் நீளமுள்ள கறுப்பு மர யானையை மேசையில் வைத்தாள். "இது என்ரை வீட்டிலை இருந்தது. ஆனால் என்ரை ஆனை இல்லை."

"எப்படித் தெரியும்?"

"நேற்றுத் தூசி தட்டுவமெண்டு தூக்கினனான். அவர் செத்த பிறகு இப்பதான் முதல் தரம். எப்பவும் போல ரெண்டு கையையும் குடுத்து மூச்சுப் பிடிச்சுத் தூக்க, பஞ்சு மாதிரி மேலை வந்திட்டுது. பின்னாலை விழப் பாத்தன். அவரின்ரை தம்பி ஆனந்தராஜா சொல்லுறார், யோசிச்சு யோசிச்சு எனக்கு மூளை குழம்பிப்போச்சாம்."

"குழம்பியிருக்கா?"

"தெரியேல்லை. எனக்கு ஒண்டும் யோசிக்க வருகுதில்லை. பாரம் மட்டும் தெரியுது."

சடகோபன் கேட்கக் கேட்க அவள் சொன்னாள். கணவர் கேதீஸ்வரன் தன்சானியாவில், மொரோகொரோ என்ற ஊரில் ஆறு வருடம் நீர்ப்பாசன எஞ்சினியராக இருந்தவர். அங்கே ஹமிசி என்று ஒரு சிற்பி. காட்டெருமை, காண்டாமிருகம், நீர்யானை, ஒட்டகச்சிவிங்கி என்று அந்த ஊர் மிருகங்களை அவன் ஒவ்வொன்றாகச் செதுக்கித் தந்தான். எல்லாமே முபிங்கோ மரம். கடைசியாகச் செய்தது யானை. அதற்கு மட்டும் ஏழு மாதம் எடுத்தான்.

"முபிங்கோன்னா நம்ம கருங்காலிக்கு மாமா முறை," என்றார் சடகோபன். "தண்ணியில போட்டா கல்லு மாதிரி முழுகும். கல்யாணி, பெரிய அண்டாவுல தண்ணி கொண்டா."

அண்டாவில் விட்ட யானை பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது. சற்று நேரத்தில் தண்ணீரின் மேல் மெல்லிய கறுப்புப் படலம் ஒன்று படர்ந்தது. சடகோபன் யானையின் முதுகைக் கட்டைவிரலால் தேய்த்து முகர்ந்து பார்த்தார்.

"ஷூ பாலிஷ். உள்ளே வெள்ளை மரம். உங்க மூளைக்கு ஒண்ணும் ஆகலை."

"திருட்டேதான்!" கல்யாணி சமையல் குறிப்பு நோட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதத் தயாரானாள். "ஆத்துக்கு யாரெல்லாம் வந்தா? சாவி யார்கிட்ட இருக்கு?"

சாவி ஆனந்தராஜாவிடம் ஒன்று இருந்தது. மற்றபடி, சாவுக்குப் பிறகு அடிக்கடி வந்தவர் அரியரத்தினம். கேதீஸ்வரனோடு மொரோகொரோவில் வேலை செய்தவர், இப்போது பரமற்றாவில் இருக்கிறார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வந்தபோது யானையின் முதுகில் கையை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றவர். "தங்கச்சி, நீங்கள் இதுகளைக் குடுக்கிறதெண்டால் எனக்குச் சொல்லுங்கோ" என்று கேட்டவர்.

கல்யாணி அரியரத்தினத்தின் பெயருக்குக் கீழே இரண்டு கோடு போட்டாள்.

அன்று மத்தியானமே மூவரும் வெஸ்ட்மீட் வீட்டுக்குப் போனார்கள். வரவேற்பறைச் சுவரோரம் இடுப்பளவு உயரத்தில் ஒரு தட்டு. அதன் மேல் பத்து மிருகங்கள் வரிசையாக நின்றன. இடது கோடியில், அறையின் மூலையை ஒட்டி, யானைக்கு உரிய இடம் காலியாயிருந்தது. சடகோபன் கொண்டுவந்த யானையை அங்கே வைத்துவிட்டுக் குனிந்தார்.

"இங்கே பாருங்கோ. வலது விலா பளபளன்னு இருக்கு. இடது விலா மங்கி, சுருங்கின மாதிரி. தட்டுல மூணு சொட்டு கறுப்பா உறைஞ்சிருக்கு. இந்த மூலைக்கு வெயில் வருமா?"

"இல்லை. யன்னல் அங்காலைப் பக்கம்."

"இந்த இடத்துல தரையில வட்டமா ஒரு தழும்பு இருக்கே?"

"மண்ணெண்ணெய் ஹீற்றர் வைக்கிறது. இப்ப இல்லை. அவர் செத்த அடுத்த நாள் காலமை ஆனந்தன் வந்து, சனத்துக்கு இடம் வேணுமெண்டு தன்ரை வீட்டுக்குக் கொண்டு போனவர். திருப்பித் தரேல்லை."

"கடைசியா எப்போ ஏத்தினேள்?"

இரஞ்சிதம் கதிரையில் உட்கார்ந்தாள். "ஓகஸ்ற் முப்பதாம் திகதி, சாப்பாட்டு நேரம். அண்டைக்கு எங்களுக்குச் சண்டை."

வானொலியில் செய்தி வாசிப்பவளைப் போல அதைச் சொன்னாள். இங்கே கேதீஸ்வரனின் பட்டத்தை யாரும் மதிக்கவில்லை. ஒரு கம்பெனியில் வரைபடம் கீறிக்கொண்டிருந்தார். மொரோகொரோவிலிருந்து, திரும்பி வந்தால் வேலை உண்டென்று கடிதம் வந்திருந்தது. போவோம் என்றார். அவள், "போறதெண்டால் நீங்கள் தனியப் போங்கோ" என்றாள். இரண்டு பேருமே கண்மூடவில்லை. விடிந்ததும் அவர் சாப்பிடாமல் வழக்கம்போலப் புறப்பட்டார். கம்பெனிக்குச் சுகமில்லை என்று தொலைபேசியில் சொல்லிவிட்டுச் சிட்னிக்கு மேற்கே நீலமலைப் பக்கம் காரை ஓட்டியிருக்கிறார். பிற்பகல் மூன்றரை மணிக்கு ஒரு வளைவில் கார் மரத்தில் மோதியது. பிரேக் பிடித்த தடம் இல்லை. விபத்தா, வேறு ஏதாவதா என்று முடிவு சொல்லாமலே போலீசார் கோப்பை மூடினார்கள்.

"கார் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது?"

"சிட்னிப் பக்கம்."

"அதுக்குள்ளே என்ன இருந்தது?"

"குடை. பின்னுக்கு ஒரு கம்பளிப் போர்வை. வேறை ஒண்டும் இல்லை."

பின்புறக் கொட்டகையில் கேதீஸ்வரனின் கருவிப் பெட்டி இருந்தது. அதற்குள் சுரண்டிக் காலியாக்கப்பட்ட கறுப்புப் பாலிஷ் டின் ஒன்றும், கறுத்துப்போன பழைய பனியன் ஒன்றும் கிடந்தன. பக்கத்தில் மொரோகொரோவிலிருந்து சாமான் வந்த தேயிலைப் பெட்டி. அதன் மூடியில், துறைமுகத்தில் மரச் சாமான்களைச் சோதித்தவர்கள் கொடுத்த பட்டியல் இன்னும் ஒட்டியிருந்தது. சடகோபன் விரலால் எண்ணினார்.

"மரச் சிற்பம் பன்னிரண்டுன்னு போட்டிருக்கே. தட்டுல பதினொண்ணுதானே?"

"மற்றது ஒரு வெள்ளை ஆனை. மிக்குமிக் காட்டுக்குப் போற றோட்டிலை, கடையிலை வாங்கினது. இதே அளவுதான், ஆனால் காத்துப் போலை. நான் பகிடி பண்ணினதாலை அவர் வெளியிலை எடுக்கேல்லை. பெட்டிக்குள்ளை கிடக்கும்."

பெட்டிக்குள் வைக்கோல்தான் கிடந்தது.

"ஏன்னா, ரெண்டு யானையையும் தூக்கிண்டு போயிட்டான்!" என்றாள் கல்யாணி.

சடகோபன் பெட்டியை மூடினார். "போலீஸ் உங்ககிட்ட என்ன திருப்பிக் குடுத்தா?" என்று கேட்டார்.

அவள் அலுமாரியிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்து வந்தாள். கைக்கடிகாரம், பணப்பை, மோதிரம். கடைசியாக, ஓரத்தில் துளையிட்ட சிறிய தடித்த அட்டை ஒன்று. கீழ்ப்பக்கம் கிழிபட்டிருந்தது. அதில் பென்சிலால், ஆங்கிலத்தில், 'ஜம்போ, 14' என்று எழுதியிருந்தது.

"இதைப் பற்றி நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை," என்றாள். "ஜம்போ எண்டால் பிளேன். பதினாலாம் திகதிப் பயணம். அவர் ரிக்கற் போட்டிட்டார். நான் சொன்னபடி தனியப் போகத்தான். பிறகு ஏன் மரத்திலை கொண்டுபோய் அடிச்சவர் எண்டு தெரியேல்லை. பிளேனாலையோ காராலையோ, என்னை விட்டிட்டுப் போறதெண்டு முடிவெடுத்திட்டார்."

அவள் கண்கள் வறண்டிருந்தன. கல்யாணி நோட்டை மூடி வைத்துவிட்டாள்.

"இது அவர் கையெழுத்தா?"

"இல்லை."

சடகோபன் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கல்யாணி, ஆத்துக்குப் போய் டெலிபோன் புத்தகத்தை எடு. இந்த வாரம் பூரா உனக்கு வேலை இருக்கு."

அடுத்த சனிக்கிழமை காலை அதே வரவேற்பறையில் ஆனந்தராஜாவும் அரியரத்தினமும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அரியரத்தினம் கொஞ்சம் கூனல் விழுந்த, மென்மையான மனிதர். ஆனந்தராஜா நாற்பதுக்குள், ரயில்வேயில் வேலை. வந்ததிலிருந்து அவர் முகம் சிவந்திருந்தது.

"என்னைக் கள்ளன் எண்டு சொல்லத்தான் கூப்பிட்டனீங்களோ?"

"இல்லை," என்றார் சடகோபன். "இதுல கள்ளனே இல்லை. யானை மாறினது எப்போங்கறதுதான் கேள்வி. அது தெரிஞ்சா, மாத்தினது யாருன்னு தானே தெரிஞ்சிடும். இந்தப் பாலிஷ் ஒரு பக்கம் மட்டும் உருகியிருக்கு. வெயில் படாத பக்கம், ஹீட்டர் இருந்த பக்கம். அந்த ஹீட்டர் செப்டம்பர் ஒண்ணாம் தேதி காலையிலேயே இந்த வீட்டை விட்டுப் போயிடுத்து. கடைசியா எரிஞ்சது அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி. அப்படின்னா இந்தக் கறுப்பு யானை அன்னிக்கே தட்டுல இருந்திருக்கு. கேதீஸ்வரன் உயிரோட இருக்கறபோதே."

அரியரத்தினம் தட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆகஸ்ட் மாசம் நீங்க எங்கே இருந்தேள்?" என்று ஆனந்தராஜாவைக் கேட்டார்.

"முழு மாதமும் மெல்பேணிலை. வேலை விஷயமாய். அண்ணா செத்த செய்தி கேட்டுத்தான் வந்தனான்."

"நீங்க?"

"நான் அப்ப இந்த வீட்டுக்கே வந்ததில்லை," என்றார் அரியரத்தினம். "எனக்கும் கேதீசுக்கும் கொஞ்சக் காலம் கதையில்லை. சமாதானமாகிறதுக்கு முந்தியே போயிட்டார். அந்தியேட்டியண்டைக்கு அந்த ஆனையைத் தொட்டுக்கொண்டு நிண்டனான். அவரின்ரை கை பட்ட சாமான் எண்டுதான் கேட்டனான், பிள்ளை."

சடகோபன் தலையசைத்தார். "வெளியார் யாரும் வேற யானை கொண்டு வரலை. பெட்டிக்குள்ளே கிடந்த பன்னிரண்டாவது சிற்பம்தான் கறுப்புப் பூசிண்டு மேலே ஏறி வந்திருக்கு. பூசின டின்னும் துணியும் கேதீஸ்வரனோட கருவிப் பெட்டியிலேயே இருந்தது. மாத்தினவர் அவர்தான்."

"ஏன்?" என்றாள் இரஞ்சிதம்.

"நீங்கதான் சொல்லணும். ஹீட்டரை அங்கே வைக்கறதைப் பத்தி எப்பவாவது பேசினேளா?"

அவளுக்கு உடனே நினைவு வந்தது. "பக்கத்திலை வைக்காதேங்கோ, மரம் வெடிக்குமெண்டு சொன்னனான். ஏழெட்டுத் தரம் சொன்னனான். அவர் கேக்கேல்லை."

"வெடிச்சிடுத்து. முபிங்கோ ஒரு பக்கம் மட்டும் காய்ஞ்சா விரிசல் விடும். உங்ககிட்ட சொல்லத் தைரியம் இல்லை. சரி பண்ணிக் கொண்டு வர்ற வரைக்கும் இடம் காலியா இருக்கக் கூடாதுன்னு வெள்ளை யானையைக் கறுப்பாக்கி நிறுத்தினார். ஆனா இந்த மரத்தைச் சாதாரணத் தச்சன் தொட மாட்டான். ரம்பம் மழுங்கிடும். இந்த ஊர்ல முபிங்கோவைத் தெரிஞ்சவா ஒரு வகைதான். ஸ்காட்லாந்துப் பைக்குழல், அதான் பேக்பைப், செய்யறவா. அந்தக் குழலெல்லாம் இதே மரத்துல கடையறது. இந்த அட்டை பிளேன் டிக்கெட் இல்லை. பட்டறையில சாமானைக் குடுத்தா அதுல பாதியைக் கட்டி, மீதியைக் கிழிச்சுக் குடுப்பானே, அந்தச் சீட்டு. இங்கே வெள்ளைக்காரக் குழந்தைகள் யானையை என்னன்னு கூப்பிடும்?"

"ஜம்போ," என்றார் அரியரத்தினம் மெதுவாக.

"பத்தொம்பது பேருக்கு போன் போட்டேன்!" கல்யாணிக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "கடைசியா நீலமலையில, பிளாக்ஹீத்ல ஒருத்தர். மக்கே. 'அந்த இந்தியன் ஏன் வரவே இல்லை, அவனோட யானை என்கிட்டதானே இருக்கு'ன்னார்."

"கார்ல யானை இல்லை, வெறும் போர்வைதான் இருந்தது. வண்டி சிட்னியைப் பார்த்து இருந்தது," என்றார் சடகோபன். "குடுத்துட்டுத் திரும்பி வந்துண்டிருந்திருக்கார். பதினாலாம் தேதி போய் வாங்கறதா இருந்தது."

ஆனந்தராஜா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். விரல்களுக்கு நடுவிலிருந்து குரல் வந்தது. "அண்ணி, அந்த ஹீற்றரை நான் சனத்துக்கு இடம் வேணுமெண்டு தூக்கேல்லை. அண்ணா வேணுமெண்டுதான் செத்தவர் எண்டு நினைச்சன். நீங்களும் ஏதும் செய்துபோடுவியள் எண்டு... மண்ணெண்ணெய் இந்த வீட்டிலை இருக்கக் கூடாது எண்டு நினைச்சன்."

இரஞ்சிதம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.   குசினிக்குப் போய் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தாள்.

பிளாக்ஹீத்துக்கு நால்வர் போனார்கள். ஆனந்தராஜா காரை ஓட்டினார். மக்கேயின் பட்டறை வீட்டின் பின்புறம் இருந்தது. எழுபது வயது மதிக்கத்தக்க கிழவர், புருவத்திலெல்லாம் கறுப்பு மரத்தூள். பதினான்காம் தேதி மத்தியானம் முழுக்கக் காத்திருந்ததாகவும், பெயரும் முகவரியும் வாங்கி வைக்காதது தன் தவறென்றும் சொன்னார். பிறகு ஒரு துணியை விலக்கினார்.

யானை அங்கே இருந்தது. இடது விலாவில், தோளிலிருந்து தொடை வரை ஒரு மெல்லிய கோடு. முபிங்கோத் தூளையே பசையில் குழைத்து அடைத்திருந்தார். "நன்றாகப் பார்த்தால் தெரியும்," என்றார் கிழவர். "தெரியாமல் செய்ய முடியாது என்று அவரிடம் முன்பே சொன்னேன்."

"அவர் என்ன சொன்னார்?" இரஞ்சிதம் ஆங்கிலத்தில் கேட்டாள்.

"பரவாயில்லை என்றார். மனைவியிடம் தானே சொல்லிவிடுவதாகச் சொன்னார். வாங்க வரும்போது உங்களையும் கூட்டிவருகிறேன், பள்ளத்தாக்கை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை என்றார்."

"சாப்பிட்டாரா?"

கிழவர் கொஞ்சம் யோசித்தார். "தேநீர் கொடுத்தேன். இரண்டு துண்டு கேக் சாப்பிட்டார். பிறகு அதோ அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். இரவு முழுக்கத் தூங்கவில்லையாம். எழுப்ப மனமில்லாமல் விட்டேன். விழித்ததும் பதறிப்போனார். இன்னும் கொஞ்சம் இருந்துவிட்டுப் போ, கண் சிவந்திருக்கிறது என்றேன். மனைவி வேலையிலிருந்து வருமுன் வீட்டில் இருக்க வேண்டும் என்று ஓடினார்." அந்த நாற்காலியைப் பார்த்து, "நான் சாவியைப் பிடுங்கி வைத்திருக்க வேண்டும்," என்றார்.

சடகோபன் வாசலருகே நின்று மெல்லச் சொன்னார். "பிரேக் தடம் ஏன் இல்லைங்கறதுக்கு இதுதான் பதில்னு நினைக்கறேன். சத்தியம் பண்ண முடியாது. ஆனா பதினாலாம் தேதி உங்களைக் கூட்டிண்டு வர்றதா சொன்ன மனுஷன், அன்னிக்குச் சாகப் போகலை."

இரஞ்சிதம் இரண்டு கைகளையும் கொடுத்து யானையைத் தூக்கினாள். ஆனந்தராஜா உதவிக்கு வந்தார். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, அவளே அதைக் கார் வரை கொண்டு போனாள். மூச்சு வாங்கியது. முன் இருக்கையில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டாள். கல்யாணி பின்னால் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.

"ஆனந்தன்," என்றாள் இரஞ்சிதம். "மாமிக்கு என்ன எழுதினனீங்கள்?"

"அக்சிடெண்ட் எண்டு. வேறை ஒண்டும் எழுதேல்லை. அம்மா நம்பேல்லை. ஒவ்வொரு கடிதத்திலையும் கேக்கிறா."

"இண்டைக்கு எழுதுங்கோ. நாங்கள் சண்டை பிடிச்சதை எழுதுங்கோ. என்னாலை அவர் நித்திரை கொள்ளேல்லை எண்டதையும் எழுதுங்கோ, மறைக்க வேண்டாம்." அவள் குரல் முதல் தடவையாக உடைந்தது. "ஆனால் அவர் போகேல்லை. வீட்டை வந்துகொண்டிருந்தவர். அதையும் எழுதுங்கோ."

ஆனந்தராஜா கண்களைத் துடைத்துக்கொண்டு காரைக் கிளப்பினார்.